மாரடைப்பு என்று சொன்னோம்

எங்கள் அம்மா மாரடைப்பில் செத்தாள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் செத்தது வயிற்றில் வந்த புற்றுநோயில். அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கடைசி இரண்டு மாதம் தண்ணீர் குடித்தாலே வாந்தி. பதினாறு வயதில் அதையெல்லாம் அள்ளிக் கொட்டியவள் நான். எனக்குத் தெரியாதா அவள் எதில் செத்தாள் என்று?

ஆனால் பெண் பார்க்கச் சேத்தியாத்தோப்பிலிருந்து ஆட்கள் வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணோட அம்மா எதுல போனாங்க?" என்று கேட்டாள். என் அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "ஹார்ட் அட்டாக்குங்க. காலையில நல்லாதான் இருந்தாங்க, பொசுக்குனு போயிட்டாங்க" என்றான். அந்த அம்மா "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டினாள். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. வயிற்று நோய் குடும்பத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அம்மாவின் அக்கா கர்ப்பப்பையில் கட்டி வந்து செத்திருந்தாள். அம்மாவின் அண்ணன் குடலில் ஏதோ என்று செத்தார். கட்டிக்கொடுக்க ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இதையெல்லாம் வெளியே சொல்வார்களா?

அன்றிலிருந்து அம்மா செத்தது மாரடைப்பில்தான். இருபத்தொரு வருஷம் என் புருஷனிடமும் அதையே சொன்னேன். சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்த மாதிரி இருக்கும்.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே என் புருஷனுக்கு விருத்தாசலத்தில் வேலை கிடைத்து, அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்துவிட்டோம். நானும் அண்ணனும் ஒரே பீங்கான் கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். அவன் சூளையில் நெருப்பைக் கவனிக்கிற ஆள். நான் செக்கிங். வெந்து வந்த கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர்களைக் கைக்கு ஒன்றாக எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்க்க வேண்டும். கிணீர் என்றால் நல்லது. டொப் என்றால் உள்ளே விரிசல், தூக்கிக் குப்பையில் போட வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். என் காது நல்ல காது. வாயும் அப்படித்தான் என்று செக்ஷனில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவள் அந்தக் கம்பெனியில் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது.

அண்ணன் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். எனக்கு முப்பத்தொன்பது வயதான பிறகும் பாப்பாதான். அவனுக்கு ஒரே மகன், எனக்கு ஒரே மகள். இரண்டும் பிறந்ததிலிருந்தே கல்யாணப் பேச்சுதான். என் மகள் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பந்தலில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "எம் மருமவளுக்கு நான் செய்யாம வேற எவன் செய்வான்?" என்றான். அண்ணி சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியே கொடுத்தால் அம்மா எதில் செத்தாள், மாமா எதில் செத்தார் என்று நோண்டுவார்கள். உள்ளுக்குள்ளேயே முடித்தால் கேட்க ஆளில்லை. அண்ணன் இதை ஒரு தடவை என்னிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறான். எனக்கும் அது சரியான யோசனையாகத்தான் பட்டது.

சுனாமி வந்த அடுத்த வருஷம் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவான். மெடிக்கல் ஷாப்பில் ரோஸ் கலர் மருந்து பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடித்தான். சூளைச் சூடு, வெறும் வயிற்றில் டீ, பீடி, அதனால் அல்சர் என்றான். நானும் அல்சர் என்றேன். அண்ணியும் அல்சர் என்றாள். பாத்ரூம் போனால் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்று அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன அன்றுதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை. அவளுக்கும் மாரடைப்புதானே சொல்லியிருந்தோம்.

இங்கே ஒரு டாக்டர் வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, உடனே பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நானும் என் புருஷனும் அவனைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனோம். பெரிய ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். பீடி உண்டா, குடி உண்டா, எத்தனை கிலோ குறைந்தது. பிறகு, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்திருக்கா? அப்பா, அம்மா, மாமா, பெரியம்மா?"

என் புருஷன் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்கும் இல்லீங்கம்மா" என்றான் அண்ணன்.

"அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க. ஹார்ட் அட்டாக்குல போயிட்டாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எழுதிக்கொண்டாள். செத்துப் போய் இருபத்து மூன்று வருஷம் ஆனவளுக்கு இன்னொரு தடவை மாரடைப்பு வந்தது. என் புருஷன், "எங்க மாமியாரு நல்ல மனுஷின்னு சொல்வாங்கம்மா" என்று வேறு சேர்த்துக்கொண்டார். பாவம், அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

ஆவணி மாதம் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து மூன்றாம் நாள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துட்டுது பாப்பா. சூளையும் பீடியும் சேந்து செஞ்ச வேல. போவுது வுடு. எம் புள்ள பீடியும் தொடல, சூளைக்கும் வரல. அது போதும் எனக்கு" என்றான். அவன் மகன் அப்போது நெய்வேலியில் காண்ட்ராக்ட்டில் எலக்ட்ரீசியனாக இருந்தான். வயிற்றைக் கிழித்துத் தைத்த மனுஷன், தன் மகனுக்கு வராது என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். நான், "ஆமாண்ணே" என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ரிசல்ட் வாங்க நான் மட்டும் போனேன். என் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. டாக்டரம்மா காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று நினைத்தால், கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்குக் கேட்டதையே மறுபடி கேக்குறேன், கோச்சுக்காதீங்க. நெஜமாவே உங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையா?"

"இல்லீங்களே. ஏன்?"

"உங்க அண்ணன் கட்டிய மைக்ராஸ்கோப்ல பாத்தோம். அது வேற மாதிரி இருக்கு. குடும்பத்துல ஓடுற வகையோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க மறைச்சா அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆபரேஷன் முடிஞ்சிட்டுது. உங்களுக்குத்தான் ஆபத்து. உங்க புள்ளைக்குத்தான் ஆபத்து."

புள்ளை என்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவைச் சொன்னேன். பெரியம்மாவைச் சொன்னேன். மாமாவைச் சொன்னேன். இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லாத வார்த்தைகள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் வட்டமும் கட்டமும் போட்டுக் கோடு இழுத்து, செத்தவர்களுக்கெல்லாம் குறுக்கே ஒரு கோடு அடித்தாள். அண்ணனுக்குக் கட்டம். எனக்கு வட்டம்.

பிறகு விளக்கினாள். நிதானமாக, நான் பத்தாவது படித்தவள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விளக்கினாள். உடம்பில் செல் பிரிந்து ஒன்று இரண்டாகும்போது உள்ளே இருக்கிற மரபணு எழுத்தையெல்லாம் அப்படியே நகல் எடுக்க வேண்டும். கோடிக்கணக்கான எழுத்து. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருகிற இடங்களில் நகல் எடுக்கும்போது ஒன்று கூடும், ஒன்று குறையும். அதைப் பார்த்துத் திருத்துவதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. அண்ணன் கட்டியில் அந்தப் புரதத்தைக் காணோம். இருந்தால் சாயம் விட்டதும் பழுப்பு நிறம் ஏற வேண்டும், பக்கத்தில் இருக்கிற நல்ல செல்லில் ஏறியிருக்கிறது, கட்டியில் ஏறவில்லை. திருத்த ஆளில்லாததால் தப்பு மேல் தப்பாகக் குவிந்து, எழுத்து நிலையில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது.

"செக்கிங்ல ஆளே இல்லாம சரக்க அனுப்புன மாதிரின்னு சொல்றீங்க" என்றேன்.

"நீங்க செக்கிங்கா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். "அதேதான். ஒவ்வொருத்தர் உடம்புலயும் அந்த வேலைக்கு ரெண்டு ரெண்டு பிரதி இருக்கும், அம்மா கிட்டேருந்து ஒண்ணு, அப்பா கிட்டேருந்து ஒண்ணு. உங்க அண்ணனுக்குப் பொறக்கும்போதே ஒண்ணு கெட்டுப்போயிருக்கணும். மிச்சம் இருக்குற ஒண்ணு ஏதோ ஒரு செல்லுல கெட்டுட்டா, அங்கேருந்து ஆரம்பிச்சிடும்."

அடுத்து நல்ல சேதி ஒன்றும் சொன்னாள். தப்புத்தப்பான எழுத்திலிருந்து அந்தக் கட்டி உடம்பு அதுவரை பார்க்காத கோணல் சரக்கையெல்லாம் செய்கிறதாம். அதைப் பார்த்ததும் வெள்ளணுக்கள், இது நம் ஆள் இல்லை, அந்நியம் என்று கண்டுபிடித்து உள்ளே புகுந்துவிடுகின்றன. "கட்டிக்குள்ள எங்க பாத்தாலும் நீலப் புள்ளியா வெள்ளணுதான். உங்க அண்ணன் உடம்பு நல்லா சண்ட போடுது. இந்த வகைக்காரங்க மத்தவங்கள விட ரொம்ப நாள் இருப்பாங்க. அவருக்கு டைம் இருக்கும்மா." அந்த வெள்ளணுக்களை இன்னும் முடுக்கிவிடுகிற மருந்தெல்லாம் இப்போது வந்திருக்கிறது என்று பேப்பரில் படிக்கிறேன். அப்போது வரவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்க அண்ணன் பையனுக்குத்தான் எம் பொண்ணக் குடுக்கிறதா இருக்கோம். அதுல ஒண்ணும் இல்லீங்களே?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். அந்த வட்டம், கட்டம் போட்ட தாளை என் பக்கம் திருப்பினாள். என் மகளுக்கு ஒரு வட்டம், அண்ணன் மகனுக்கு ஒரு கட்டம், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, கீழே ஒரு கேள்விக்குறி. "ரெண்டு பேருக்கும் இருக்கா இல்லையான்னு இப்பத் தெரியாது. ரெண்டு பேருக்கும் இருந்து, பொறக்குற குழந்தைக்கு ரெண்டு பிரதியும் கெட்டதா வந்துட்டா, நோய் நாப்பது வயசு வரைக்கும் காத்திருக்காதும்மா. சின்ன வயசுலயே வரும். ஸ்கூலு போற வயசுல" என்றாள்.

உங்கள் எல்லார் ரத்தத்தையும் எடுத்து ஓர் ஆராய்ச்சிக்காக வெளியூருக்கு அனுப்பி வைக்கிறேன், மாதக் கணக்கில் ஆகும், அண்ணனிடமும் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவளுக்கு அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இருவத்தோரு வருசம். ஒரே பாயில படுத்துக்கினு இருவத்தோரு வருசம் பொய் சொல்லியிருக்க" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார். "எங்க அம்மா கிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காத" என்றார். கொஞ்சம் கழித்து, "பொண்ண அங்க குடுக்கக் கூடாது" என்றார். அதையும் ஆமாம் என்றேன்.

ஐப்பசியில் அண்ணன் கொஞ்சம் தேறினான். கைப்பிடி கைப்பிடியாக ஒரு நாளைக்கு ஆறு வேளை சாப்பிட்டான். கன்னத்தில் சதை வைத்தது. தெருவில் இறங்கி நடந்து என் வீட்டுக்கே வந்துவிட்டான், வெற்றிலைப் பாக்கு, பூ, பழத்தோடு. அண்ணி பின்னாலேயே வந்தாள்.

"தையில பரிசம் போட்டு மாசியில முடிச்சிடுவம் பாப்பா. நான் திடமா இருக்கும்போதே பாத்துடணும்" என்றான்.

என்ன சொல்வது என்று இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். நிஜத்தைச் சொல்லலாம். சொன்னால், இது சூளையும் பீடியும் செய்த வேலை இல்லை, அம்மா உனக்குக் கொடுத்தது, நீ உன் மகனுக்குக் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல வேண்டும். மிச்சம் இருக்கிற நாளெல்லாம் அவன் மகன் முகத்தைப் பார்க்கும்போது என்ன பார்ப்பான்? என் வாய் எதற்கும் அஞ்சாத வாய் என்பார்கள். அது அன்று அஞ்சியது.

"ஜாதகம் பாத்தோம்ணே. பொருந்தல" என்றேன்.

அண்ணன் என்னையே பார்த்தான். "சொந்தத்துக்குள்ள என்னாடி ஜாதகம்? உங்க வூட்டுல என்னைக்கு ஜாதகம் எழுதுனீங்க?"

உண்மைதான். முறை மாப்பிள்ளைக்கு யார் ஜாதகம் பார்ப்பார்கள்? மகளுக்கு நான் ஜாதகமே எழுதவில்லை. என் புருஷன் குறுக்கே வந்து, "அவ ஏதோ ஜோசியர் கிட்டப் போயிருக்கா மச்சான்" என்று இழுத்தார்.

அண்ணிதான் முதலில் எழுந்தாள். "புரியலயா உங்களுக்கு? கேன்சர்காரன் வூட்டுல பொண்ணு குடுக்க மாட்டாங்களாம். ஊரு ஒதுக்கும்னு பயந்துக்கினு இருந்தீங்களே, கூடப் பொறந்தவளே ஒதுக்கிட்டா" என்றாள். அண்ணன் தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டான். பழம் நாலு நாள் அப்படியே இருந்து அழுகியது. தூக்கிப் போட எனக்குத் தோன்றவில்லை, என் மகள்தான் போட்டாள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போது காலேஜ் கடைசி வருஷம். "மாமா பையனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அவனை விரும்பினாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை.

அண்ணன் மகனை நெய்வேலி பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தேன். கேண்டீன் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். டீ ஆறிப் போகிற வரைக்கும் கேட்டான். "அப்பாவுக்குத் தெரிய வேணாம் அத்த" என்றான். நான் சொல்ல நினைத்ததை அவனே சொல்லிவிட்டான். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் நான், என் மகள், அவன் மூன்று பேரும் பாண்டிச்சேரி போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். திரும்பும்போது பஸ்ஸில் அவன் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். என் மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முறை மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னது வெளியே தெரிந்தால் பெண்ணிடம் ஏதோ குறை என்று பேசுவார்கள் என்று என் புருஷன் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடினார். ரிசல்ட் வரட்டும் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டக்குடியில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை அமைந்தான். பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, "உங்க அம்மா, பொண்ணோட ஆயா, இருக்காங்களா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அவங்க அப்பவே போயிட்டாங்கம்மா, ஹார்ட் அட்டாக்" என்றார் என் புருஷன். கண்ணைச் சிமிட்டவில்லை. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. எந்த முகத்தோடு கோபப்படுவது?

வைகாசியில் கல்யாணம். அண்ணனுக்குப் பத்திரிகை வைக்க நானே போனேன். அவன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அண்ணி வாங்கி ஜன்னலில் வைத்தாள். தாய்மாமன் இல்லாமல் என் மகள் மணவறையில் உட்கார்ந்தாள். மாலை எடுத்துக் கொடுக்க என் கொழுந்தனார் நின்றார். சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். பேசட்டும். பந்தியில் சாம்பார் போதவில்லை என்று ஒருத்தி கத்தினாள், போய் ஊற்றினேன்.

ரிசல்ட் ஆடியில் வந்தது. டாக்டரம்மா மூன்று கவரை மேசையில் வைத்திருந்தாள். எனக்கு இருந்தது. அண்ணன் மகனுக்கு இருந்தது. என் மகளுக்கு இல்லை.

"உங்க பொண்ணு தப்பிச்சிட்டாங்க. அவங்களுக்கும் வராது, அவங்க புள்ளைங்களுக்கும் வராது" என்றாள் டாக்டரம்மா. பிறகு அவளாகவே, கொஞ்சம் தயங்கி, "கல்யாணம் அங்கயே நடந்திருந்தாலும் அந்த ரெட்டை ஆபத்து வந்திருக்காது. ஆனா அப்போ நமக்குத் தெரியாதே" என்றாள்.

ஆமாம், தெரியாதே என்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை மேலேயும் கீழேயும் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் அவனுக்கும் எழுதிக் கொடுத்தாள். மருந்து வாசம் அடிக்கிற அந்த வராண்டாவில் அண்ணன் மகன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்ப நீ குடுக்காததே நல்லதாப் போச்சு அத்த" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இட்லி சாப்பிடலாமா என்று கேட்டேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "அப்ப மாமா பையனையே கட்டியிருக்கலாமாம்மா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்டதற்கப்புறம் நான் பல நாள் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். செக்கிங் டேபிளில் தட்டிக்கொண்டே, பஸ்ஸில், கேமரா விடுவதற்கு முன் வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது. குழந்தைக்கு ஆபத்து இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அவன் தங்கமான பையன். நான் தூக்கி வளர்த்த பையன். ஆனால் என் அம்மாவுக்கு நான் அள்ளிக் கொட்டியதையெல்லாம் என் மகள் ஒரு நாள் அவனுக்கு அள்ளிக் கொட்டட்டும் என்று நான் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அண்ணி சொன்னதுதான் சரி. கூடப் பிறந்தவளே ஒதுக்கிவிட்டேன். டாக்டரம்மா போட்ட கேள்விக்குறி எனக்குக் கிடைத்த சாக்கு. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா சொன்னபடியே அண்ணனுக்கு டைம் இருந்தது. அவனோடு ஒரே சமயத்தில் வார்டில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் மூன்று வருஷம் எட்டு மாதம் இருந்தான். உடம்புக்குள் அந்த நீலப் புள்ளிகள் அவனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கம்பெனிக்கே திரும்பி வந்து கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான். காலையில் நான் கேட்டுக்குள் நுழையும்போது நோட்டில் என் பெயரை எழுதுவான், தலை நிமிராமல். நாலு பொங்கலுக்கும் சீர் வந்தது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு புடவை. மகனிடம் கொடுத்து அனுப்புவான். கவர்மெண்ட் கலர் டிவி எல்லார் வீட்டுக்கும் கொடுத்தபோது எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் கொடுத்தார்கள், ஒரே வரிசையில் ஆறு பேர் இடைவெளியில் நின்றோம். இத்தனை நாளில் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதற்காகவே அவன் உடம்பு அவ்வளவு நாள் சண்டை போட்டதோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆரம்பத்தில்தான். பிறகு அதுவும் பழகிவிட்டது.

பங்குனியில் அவனுக்கு வயிற்றில் நீர் கோத்தது. ஈரலுக்குப் பரவிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும், மத்தியானம் அண்ணி போன் பண்ணினாள். அத்தனை நாளுக்கப்புறம் அவள் குரலைக் கேட்டேன். "நான் ரேஷனுக்குப் போயிட்டு வரேன். ஒத்தையில வுட்டுட்டுப் போவ முடியல. பையன் ட்யூட்டி முடிஞ்சி வர நேரமாவும். செத்த நேரம் வந்து உக்காருறியா?" என்றாள்.

போனேன். ஆரோரூட் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். அண்ணன் வாயைத் திறந்தான். மூன்று ஸ்பூன் இறங்கியது. நாலாவதுக்குக் கையைத் தூக்கி வேண்டாம் என்றான். கையில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா கையும் அப்படித்தான் இருந்தது. வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. பையன் சீக்கிரமே வந்துவிட்டான். நேராகப் பின்கட்டுக்குப் போய்க் கைகால் கழுவுகிற சத்தம் கேட்டது. அண்ணன் அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பினான்.

"எம் புள்ளைக்கு என்னா கொறைச்சல் பாப்பா?"

அவனிடம் சொல்வதற்கு என்னிடம் எல்லாம் இருந்தது. அம்மா, பெரியம்மா, மாமா, வட்டம், கட்டம், மூன்று கவர். சொன்னால் என்னை மன்னித்துவிடுவான். சாவதற்கு முன்னால் ஒரு தடவை என் தலையில் கையை வைப்பான். பின்கட்டில் பையன் கொடியில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லண்ணே" என்றேன். "எனக்குத்தான் குடுக்க மனசு வரல."

அண்ணன் கண்ணில் தண்ணீர் ஒன்றும் இல்லை.

"அப்ப சரி" என்றான். "வூட்டுக்குப் போ."

கஞ்சி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் செத்துப் போனான்.